உங்கள் கைக்கு அளவில்லாத துவக்கு

என்ரை இஞ்சேருங்கோவுக்கு,

வாழ்ந்த காலம் முழுக்க உங்களை "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிட்டேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் வாய் வரவில்லை. ஆனால் இன்றைக்கு உங்களைத் திட்டத்தான் எழுதுகிறேன்.

மகள் வேட்டை உரிமம் எடுத்துவிட்டாள், தெரியுமா? உங்கள் துவக்கும் இப்போது அவளுடையதுதான். போன சனிக்கிழமை இக்காஸ்ட் ஊருக்கு வெளியே சுட்டுப் பழகப் போனவள், புருவம் கிழிந்து வந்து நின்றாள்.

"என்னடி இது?"

"ஒண்டுமில்லை அம்மா. சைக்கிளாலை விழுந்திட்டன்."

அதே புருவம், அதே பொய்! உங்கள் புருவம் கிழிந்த அன்றைக்கு நீங்களும் சைக்கிளைத்தானே சாட்டினீர்கள்? நானும் அதை நம்பிக் கோயிலில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

அவளை உலுக்கியெடுத்த பிறகுதான் உண்மை வந்தது. துவக்கின் சோங்கு, அதுதான் தோளில் வைக்கிற பின்பக்க மரப்பிடி, நீளமாம். துவக்கின் மேலே பூட்டிய தொலைநோக்கிக்குக் கண் எட்டாமல் கழுத்தை நீட்ட வேண்டுமாம். சுட்டதும் துவக்கு பின்னால் உதைக்க, தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தில் அடிக்கிறது. சோங்கை முழங்கை மடிப்பில் வைத்து அளந்து பார்த்தாள். விரல் விசைக்கு எட்டவே இல்லை. உங்கள் கை அவளுடையதை விடக் கட்டை, எனக்குத் தெரியாதா?

பிறகு ஏன் அதை வாங்கினீர்கள்? வேலையிடத்து ஆறடி டெனிஷ்காரர் வைத்திருந்ததாலா? கோடையில் மெல்லிய சட்டையோடு கடையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல பாரம், உதைக்காது" என்று பெருமையடித்தீர்கள். குளிருக்குத் தடித்த ஜாக்கெட் போட்டால் இன்னும் எட்டாது என்று யோசிக்கவில்லையா? ஓரிடத்தில் குந்தியிருந்து சுடுகிறவனுக்குப் பாரம் நல்லது. நீங்களோ காடெல்லாம் நடக்கிறவர். தோள் கன்றிப்போய் வந்து, "ஒண்டுமில்லையப்பா" என்பீர்கள். நெஞ்சு நொந்த காலையிலும் அதையேதான் சொன்னீர்கள். நான் வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது நீங்கள் இல்லை.

சோங்கை வெட்டிக் குறைக்கப் போகிறோம் என்று கேள்விப்பட்டு நேற்று உங்கள் தம்பி வந்தார். "அண்ணையின்ரை துவக்கை வெட்டாதேங்கோ, அண்ணி. அது அவரின்ரை ஞாபகமெல்லே."

"ஞாபகம் எண்டு சொல்லி என்ரை பிள்ளையின்ரை கண்ணைக் குடுக்கவோ?" என்றேன். ஆள் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நாளைக்குச் சோங்கை வெட்டக் கொடுக்கிறோம். அதற்குப் பிறகும் பாரமென்றால் அவள் வேறு துவக்கு வாங்கட்டும். நோகிறது என்றால் நோகிறது என்று சொல்ல அவளைப் பழக்குவேன், கத்தியாவது பழக்குவேன். இது உங்கள் மேல் சத்தியம். அந்த ஒரு சொல்லை நீங்கள் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கு வேலைக்குப் போயிருப்பேனா?

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் மனுசி