சட்டைப்பையில் காய்

ஐப்பசி 14, வியாழன்

குரங்கணிக்கு மேலே, மாமனாரின் ஏலக்காய்த் தோட்டம். விடாத மழை. காயெடுப்புக்கு ஆள் வரவில்லை. லீவு போட்டு வந்த நான்தான் ஆள். முதுகு விட்டுப்போச்சு.

ஜீப் வளைவில்தான் போனுக்கு சிக்னல். சாயங்காலம் நிர்மலா மேடம் கூப்பிட்டார். குட்டி விமானத்தில் வானத்தில் கரணமடிப்பது அவர், அதற்கு ரிப்பேர் பார்ப்பது நான்.

“அண்ணா, தலைகீழா இருந்து நிமிரும்போது ஓட்டுற ஸ்டிக் ஒரு நொடி பிடிச்சுக்கிச்சு. அப்புறம் தானா விட்டுருச்சு.”

தானாக விட்டது தானாகவே மறுபடி பிடிக்கும். ஞாயிறு ஷோ வேறு.

“உள்ள எதுவும் விழுந்துச்சா மேடம்? பேனா, போன், ஸ்குரூ?”

“நான் எதுவுமே கொண்டுபோறதில்லையே அண்ணா.”

15, வெள்ளி

மழை. அங்கே விமானக் கொட்டகையில் இருப்பவர்கள் பார்த்துவிட்டார்களாம். கேபிள் சரி. கீல் சரி. பேரிங் சரி. சீட்டுக்கு அடியில் சுத்தம். குறை இல்லை என்றால்தான் எனக்குப் பயம். வாலைப் பிரித்துப் பாருங்கள் என்றேன்.

விமான ஓனர் போனில்: “ஒரு நொடி பிடிச்சதுக்கெல்லாம் வாலைப் பிரிக்கணுமா? மலையில உக்காந்துக்கிட்டு சட்டம் பேசாதே.”

சரி சார் என்று போனை வைத்தேன். அதுதான் எரிச்சல்.

வாங்க வேண்டியது: சாக்கு, தைலம், வீட்டுக்காரி செல்விக்கு மாத்திரை.

16, சனி

காய் லோடோடு ஜீப்பில் போடிக்கு இறக்கம். வளைவில் டிரைவர் முருகேசன் பிரேக்கை மிதித்தான், பெடல் இறங்கவில்லை. காலால் எதையோ எத்தினான். பள்ளத்தை ஒட்டி வண்டி நின்றது.

“பயந்துட்டீகளாண்ணே? தண்ணி பாட்டிலு. பெடலுக்கு அடியில உருண்டுருச்சு.”

“அதை அங்கனயாடா வப்பே?”

“அது எப்பவும் இங்கனதானண்ணே கெடக்கும்!”

எப்பவும். படுபாவி, சரியாகச் சொன்னான்.

போன தடவை மேடத்துக்கு நான் கொடுத்த ஏலக்காய். கரணமடித்தால் குமட்டுகிறது என்றாரே என்று, சின்னத் தகர டப்பாவில். பேனாவைக் கேட்டேன், ஸ்குரூவைக் கேட்டேன், அதைக் கேட்கவில்லை. போடிக்காரன் பையில் காய் இருப்பது சட்டையில் பொத்தான் இருப்பது மாதிரி. அதை யார் சாமான் கணக்கில் சேர்க்கிறார்கள்.

சிக்னல் வந்ததும் கத்தினேன். “மேடம், காய் எங்க?”

“எந்தக் காய்?”

“ஏலக்காய்! நான் குடுத்த டப்பா!”

சட்டையைத் தட்டிப்பார்க்கும் சத்தம். பிறகு மெதுவாக, “எப்பவும் சட்டைப்பையிலதான்... இல்லைண்ணா.”

17, ஞாயிறு

போடி வீடு. வெயில். ஷோ ரத்து. மேடம் ஒற்றைக்காலில் நின்று வாலைப் பிரிக்க வைத்திருக்கிறார். தலைகீழாக இருந்தபோது டப்பா பையிலிருந்து நழுவி, வாலுக்குள் ஓடியிருக்கிறது. போட்டோ வந்தது. ஸ்டிக்கிலிருந்து வாலுக்குப் போகும் கம்பி பக்கத்தில் டப்பா, ஓரம் நசுங்கி. கூடவே ஒரு வரி: “இன்னொரு தடவை பிடிச்சிருந்தா தரையிலதான் விட்டிருக்கும் அண்ணா.”



மதியம் கிளம்ப வேண்டும். அடுப்படியில் செல்வி புது டப்பாவில் காயை அமுக்கி நிரப்பிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றேன்.

“போடியில இருந்து வெறுங்கையோடவா போவீக? அந்தம்மா என்ன நெனைக்கும்?”

அப்படியானால் பொடித்துக் காகிதத்தில் மடித்துக் கொடு, அது எதிலும் சிக்காது என்றேன்.

“கிறுக்கா பிடிச்சிருக்கு? இம்புட்டு நல்ல காயை யாராச்சும் இடிப்பாகளா?”

நானே உரலில் போட்டு இடித்தேன். வாசம் தாங்க முடியவில்லை.