கல்லறை மண்

சேசு மரி துணை என்று எழுதிவிட்டேன் அக்கா. அதற்கு மேல் கை ஓடவில்லை.

சாந்தோம் குப்பமே என் புருஷனை வேதசாட்சி என்கிறது. கோயில் பாத்திரத்தைத் திருட வந்த சவரிமுத்துவை மறித்துக் கத்திக்குத்து வாங்கியவர், "அவன மன்னிச்சிட்டேன்" என்று சொல்லித்தானே உயிரை விட்டார்! இப்போது அவர் கல்லறை மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் பூசுகிறார்கள். சவரிமுத்து ஜெயிலில் இருக்கிறான். அவன் பெண்டாட்டியும் பூசினாள். அவள் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அவரை அர்ச்சியசிஷ்டராக, புனிதராக அறிவிக்கச் சொல்லி ரோமாபுரிக்கு எழுதப்போவதாகப் பங்குச் சாமியார் சொல்கிறார்.

நம் சின்னவளுக்கும் அதே காய்ச்சல். அதே மண்ணைத்தான் நானும் பூசுகிறேன். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. டாக்டர் மருந்தும் கேட்கவில்லை.

அவர் மன்னித்தார், சரி. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? பரலோக மந்திரத்தில், 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல' என்ற இடம் வந்ததும் எனக்கு வாய் அடைத்துப்போகிறது. அதனால்தான் இவளுக்குக் காய்ச்சல் இறங்கவில்லையோ? பெற்ற பெண்ணுக்கு இரங்காதவர் என்ன அர்ச்சியசிஷ்டர், அக்கா?

இதை எழுதும்போதே சவரிமுத்து பெண்டாட்டி வாசலில் வந்து நிற்கிறாள், கையில் மண்ணோடு.

"யக்கா, நான் ஒரு தபா பூசிப் பாக்கட்டா? எம்புள்ளைக்கு நாந்தான் பூசுனேன்."

"போடி!" என்று கத்தினேன். போகவில்லை. மழையில் நனைந்துகொண்டு நிற்கிறாள். உள்ளே சின்னவள் "அப்பா, அப்பா" என்று பிதற்றுகிறாள்.

பேனாவை வைக்கிறேன். கதவைத் திறக்கப் போகிறேன். நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.

உன் தங்கை