ஒற்றையும் ஒற்றையும்

என் செல்லப் பேச்சியக்கா,

நீ போன பிறகு உனக்குச் சொல்ல வேண்டிய செய்திகள் நிறையச் சேர்ந்துவிட்டன. படப்பை ஹாஸ்டலில் இன்னமும் காலை ஆறு மணிக்கே தண்ணீர் நின்றுவிடுகிறது. உனக்கு ஆகாத சூப்பர்வைசர் வேறு லைனுக்குப் போய்விட்டார். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டைப் பற்றிச் சொல்லத்தான்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? ஒரே ரூம் பெண்கள் ஜோடி ஜோடியாக உட்காருவதுதான் அந்த பஸ்ஸில் வழக்கம். எங்கள் ரூமில் ஏழு பேர், மூன்று ஜோடி போக மிச்சம் நான். உங்கள் ரூமில் ஐந்து பேர், மிச்சம் நீ. வந்து உட்கார்ந்ததும் என் பேரைக்கூடக் கேட்கவில்லை. "ஒத்தையும் ஒத்தையும் கூட்டுனா எப்பவும் ரெட்டைதான் வரும், தெரியுமாட்டி?" என்றாய்.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே என்றேன். அப்படியானால் ஏன் என்று சொல்லு என்றாய். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, மூன்றும் ஒன்றும் நாலு என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். எத்தனை உதாரணம் சொன்னாலும் அடுத்தது காலை வாராது என்று யார் கண்டது என்று மடக்கினாய். எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசியில் நீயே சொன்னாய்.

"ஒரு ரூம்ல எத்தன பேரு வேணா இருக்கட்டும். ஒத்தப்படைன்னா, ஜோடி சேத்து உக்கார வெச்சா ஒருத்திதான் மிஞ்சுவா. அடுத்த ரூம்லயும் ஒருத்தி மிஞ்சுவா. அந்த ரெண்டு பேரும் சேந்து உக்காந்துட்டா, நிக்கதுக்கு ஆளே இல்லல்லா?"

பத்தாம் வகுப்பில் கணக்கைக் கண்டு நடுங்கியவள் நான். ஒரு கணக்கு ஏன் உண்மை என்று அன்றைக்குத்தான் என் கண்ணால் பார்த்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன நீ மஞ்சள் காமாலையில் அங்கேயே கண்ணை மூடிவிட்டாய். உங்கள் ரூமில் மீதி நாலு பேரும் ஜோடி சேர்ந்துகொண்டார்கள். நான் மட்டும் மிஞ்சினேன். உன் சீட்டில் என் பையை வைத்தேன்.

போன வாரம் உன் கட்டிலுக்கு ஒரு பெண் வந்தாள். ராமநாதபுரம் பக்கம், பெயர் கலைவாணி. பஸ்ஸில் காலியாக இருந்த ஒரே இடத்தைப் பார்த்து, "அக்கா, இங்க யாரும் வர்றாங்களா?" என்று கேட்டாள். ஆமாம், வராங்க என்றேன். பாவம், நம்பிவிட்டாள். ஒரகடம் கம்பெனி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். மறுநாளும் அப்படியே.

எனக்கு உன்மேல்தான் கோபம். உன் நிரூபணத்தில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று லைனில் வேலை பார்த்துக்கொண்டே தேடினேன். கிடைக்கவில்லை. மிஞ்சுகிறவள் யாராக இருந்தாலும் அது பொருந்துகிறது. நீதான் வேண்டும் என்று அது கேட்கவே இல்லை. ஆனால் எனக்கு நீதானே வேண்டும், அக்கா?

பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு நீ மட்டும் என்னைத் தெரிந்தா வந்தாய்? மிஞ்சியவள் என்றுதானே பக்கத்தில் உட்கார்ந்தாய். மற்றதெல்லாம் அப்புறம் வந்ததுதானே?

இன்று காலை பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கலைவாணி தயங்கினாள்.

"யாரோ வர்றாங்கன்னு சொன்னீங்களேக்கா?"

"வந்துட்டாங்க. நீதான். குந்து."

ஜன்னலோரம் மட்டும் கேட்காதே என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கே விட்டுக்கொடுக்காத இடம் அது. ஒரகடம் வரும்வரை வெளியே பார்த்தபடி அழுதுகொண்டே வந்தேன்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். நாளைக்கே அவளிடம் ஒத்தையும் ஒத்தையும் ஏன் ரெட்டை என்று கேட்பேன். உதாரணமாக அடுக்கினால் விட மாட்டேன். அவள் திணறியதும் பேச்சி என்று ஒருத்தி இருந்தாள் என்று ஆரம்பித்து நிரூபித்துக் காட்டுவேன். கணக்குக்கு உன் பெயர் தேவையில்லை. எனக்குத் தேவை.

மிச்சமாய் உனக்குக் கிடைத்த தங்கை,
தேன்மொழி