ஊதினாலும் போகாத புள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். நானும் அடுத்த வாரம் வரை நலம். அதற்குப் பிறகு அப்பா விட்ட வழி.

போன் அப்பாவின் தலையணைப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பயம் பாதி, சிரிப்பு பாதி என்று வைத்துக்கொள்.

இன்று புதன் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்து போனது. நான் பார்த்தேன்! தோழி வீட்டில் கணக்குப் போடப் போவதாகச் சொல்லிவிட்டு, பல் டாக்டரின் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அவர்தான் எங்கள் வானம் பார்க்கும் குழுவுக்குத் தலைவர். அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா? கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்துப் பார்வையைக் கெடுத்துக்கொண்ட ஒருவர் நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வந்து அழுததிலிருந்து, "சூரியன் பக்கம் தலையத் தூக்கின, தொலைச்சிடுவேன்" என்பதுதான் வீட்டுச் சட்டம்.

மாடியில் ஒரே கூத்து. பஸ் ஓட்டும் மாமா ஒருவர் வந்தாலே வானம் மூடிக்கொள்ளும் என்று அவருக்கு 'மேகம்' என்றே பெயர். டாக்டர் அவரைப் படியிலேயே மறித்து, "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கீழயே நில்லுங்க" என்றார். "நாளைக்கு என் பஸ்ஸுக்குத்தானே கை காட்டுவீங்க, பாத்துக்கிறேன்" என்று மாமா முறைத்தார்.

தொலைநோக்கியில் மாட்டிய எல்லோருடைய கேமராவும் சூரியனின் ஒரே ஓரத்தைப் பெரிதாக்கிக்கொண்டு காத்திருந்தது. என்னிடம் கேமரா இல்லை. சின்னத் தொலைநோக்கி வழியாக வெள்ளை அட்டையில் விழும் முழுச் சூரியனைப் பார்ப்பது என் வேலை. அட்டையில், சூரியனின் ஓரத்தில் ஒரு தூசி. ஊதினேன், துடைத்தேன், போகவில்லை. அட்டையை நகர்த்தினேன். தூசி அட்டையோடு வரவில்லை, சூரியனோடேயே நின்றது!

"புதன்!" என்று நான் கத்திய கத்தலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். கேமராக்கள் காவல் காத்தது எதிர் ஓரத்தை. தொலைநோக்கிக்குள் இருக்கும் கண்ணாடி இடதை வலதாக மாற்றிக் காட்டும் என்பதை அத்தனை பேரும் மறந்திருந்தார்கள். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, "தினமும் அடுத்தவன் வாய்க்குள்ள கண்ணாடிய விட்டுப் பாக்குறவன் நான், எனக்கே மறந்துபோச்சே!" என்றார். சட்டென்று எல்லாவற்றையும் திருப்பி, புள்ளி முழுதாக உள்ளே நுழைவதற்குள் படம் எடுத்துவிட்டார்கள். மேகம் மாமாவையும் மேலே கூப்பிட்டோம். வானம் மூடவில்லை. "இத்துனூண்டா!" என்று அவர் அட்டையை விட்டு நகரவே இல்லை.

இனிதான் வில்லங்கம். எல்லோருக்கும் பிடித்துப்போன படத்தில் அந்தப் புள்ளியும், அதைக் காட்டும் என் விரலும், 'ஆ'வென்று வாயைப் பிளந்த என் முகமும் இருக்கின்றன. அடுத்த வாரம் அதைப் பெரிதாக்கி நூலக வாசலில் வைக்கப் போகிறார்களாம். அப்பா கடைக்கு நேர் எதிரே! வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்பா பார்த்தால் குழுவுக்கே போகக் கூடாது என்பார்.

அதற்குள் நீ அவரிடம் பேசு அக்கா. நான் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன் என்று சொல். நீ சொன்னால் கேட்பார்.

இன்னொன்று. சாப்பிடும்போது அப்பா, "நாளைக்கு எத்தனை பேரு கண்ணக் கசக்கிட்டு வந்து நிக்கப் போறாங்களோ" என்றார். பிறகு அம்மாவிடம் மெதுவாக, "சூரியனுக்குள்ள அந்தப் புதன் எப்படித்தான் இருந்திருக்கும்?" என்று கேட்டார். அம்மா, "யாருக்குத் தெரியும்?" என்றாள். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அப்பா எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். திட்டி முடித்த பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கச் சொல், அக்கா.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்
தங்கை