அடைக்கோழி எழுதுவது

அக்கா,

உங்கள் பால்மாவு டின் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒரு கை நொய் மிச்சம், அதிலும் வண்டு. வீட்டைக் காலி செய்ய ஈப்போவிலிருந்து வந்த உங்கள் மகள் காலையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

இந்த டின்னை நீங்கள் குலுக்கினால் கோப்பெங் பாசார் வரைக்கும் கேட்கும் என்று எத்தனை முறை எரிந்து விழுந்திருப்பேன்! பின்னால் செம்பனைக்குள் எங்கோ கிளறிக்கொண்டிருந்த உங்கள் கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு ஓடிவரும். என் கோழிகள் கூண்டுக்குள் நின்று வேடிக்கை பார்க்கும். நாலு பக்கமும் வலை, மேலே தகரம், கதவுக்குப் பூட்டு.

தோட்டத்து லயத்தில் நாம் பக்கத்து வீடு. தோட்டத்தை மூடி இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகு எதிர்வீடு. இத்தனை வருடத்தில் நமக்குள் ஒத்துப்போகாதது இந்தக் கோழி விஷயம் ஒன்றுதான். ஒரு தடவை மூசாங் மரநாய் உங்கள் பெட்டையைக் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போனது. நான் சும்மா இருப்பேனா? “அடைச்சு வைங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டீங்களா?” என்று தெருவில் நின்றே கத்தினேன். நீங்கள் இறகுகளைக் கூட்டிக்கொண்டே, “ஒண்ணு போச்சு. மிச்சம் பன்னெண்டு மண்ணுல பொரண்டு வெயில் காயுது. உன் கோழிக்கு மண்ணு எப்படி இருக்கும்னாச்சும் தெரியுமாடி?” என்றீர்கள்.

பிறகு என் வாசல் கிரில்லில் தொங்கிய இரண்டு பூட்டுகளைப் பார்த்துச் சிரித்தீர்கள். “உன்னச் சொல்லிக் குத்தமில்ல. நீயே ஒரு அடைக்கோழிலா.” முட்டைமேல் உட்காரும் கோழிக்கு உள்ள பேரை, வீட்டுக்குள் அடைந்து கிடப்பவளுக்கு வைத்துவிட்டீர்கள். தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை நான்.

நீங்கள் மட்டும் அடைக்காமலா இருந்தீர்கள்? புதுக் கோழி வாங்கி வந்தால் அதைக் கையில் பிடித்து வீட்டை மூன்று சுற்று சுற்றுவீர்கள். அப்புறம் மூன்று நாள் கூடைக்குள் கவிழ்த்து வைப்பீர்கள். அதைச் சொல்லி மடக்கினேன் என்று நினைத்தேன். “மூணு நாள் போதும்லா. வீடு எதுன்னு அதுக்குத் தெரியணும், அவ்வளவுதான். ஆயுசு முழுக்கவா கவுத்து வைப்பாங்க?” என்றீர்கள்.

இன்று காலை உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க எவ்வளவு சொன்னீங்க சித்தி, கோழிய அடைச்சு வைக்கச் சொல்லி. அம்மா கேட்டிருந்தா, அந்தப் பாழாப்போன கறுப்பியத் தேடிப் போயி விழுந்திருப்பாங்களா?”

கறுப்பி! அன்றைக்குக் காணாமல் போனது என் செவலை. வலையின் மூலையில் ஓட்டை விழுந்திருந்ததைக் காலையிலேயே பார்த்தேன். நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மழை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் கிரில்லுக்குள் நின்று, “அய்யோ அக்கா, அதுக்குத் திரும்பி வர வழி தெரியாதே” என்று புலம்பியது நான்தான். உங்கள் கோழிகள் அப்போதே ரம்புத்தான் மரத்தில் ஏறிவிட்டிருந்தன. “வெளிய விட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். சரி, நீ உள்ள இரு, நான் பாத்துட்டு வாரேன்” என்று டின்னை எடுத்துக்கொண்டு போனீர்கள். லோங்காங் சாக்கடை ஓரத்துப் பாசியில் கால் வழுக்கியது. இடுப்பெலும்பு போயிற்று.

ஆஸ்பத்திரியில் மகள் கேட்டாள், எந்தக் கோழிம்மா என்று. “நம்ம கறுப்பிதான்லா” என்றீர்கள், என்னைப் பார்த்துக்கொண்டே. நான் தலையைக் குனிந்து ஆரஞ்சு உரித்தேன். நீங்கள் கண்ணை மூடும்வரை மூன்று வாரம் தினமும் வந்து உரித்தேன், வாயைத் திறக்கவில்லை. செவலை மறுநாள் விடிந்ததுமே உங்கள் கோழிகளோடு ரம்புத்தான் மரத்திலிருந்து இறங்கி வந்துவிட்டது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. பாவி நான்.

இன்று சொல்லிவிட்டேன் அக்கா. கார்க் கதவைத் திறந்தவளை நிறுத்தி, ஓட்டையிலிருந்து ஆரஞ்சு வரைக்கும் சொன்னேன். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை.

சாயங்காலம் கூண்டுக் கதவைத் திறந்தேன். உங்கள் கறுப்பியும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அது முதலில் இறங்கியது, செவலை பின்னாலேயே போயிற்று. மற்றவை வாசலிலேயே நின்று யோசித்தன. பொழுது சாய்கிற நேரத்தில் டின்னைக் குலுக்கினேன். சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. ஒன்று விடாமல் எல்லாம் திரும்பி வந்தன.

மூசாங்குக்குப் பயந்து கூண்டைப் பூட்டிவிட்டேன், அதில் நான் மாற மாட்டேன். ஆனால் வாசல் கிரில்லின் இரண்டு பூட்டையும் கழற்றி உங்கள் டின்னுக்குள் போட்டிருக்கிறேன். உங்கள் மகளுக்கு இந்த வீடு தெரியும், அக்கா.