சம்பந்தியைத் திட்ட முடியாது

பிப்ரவரி 18

இன்று கடைக்கு வந்த ரேடியோவைத் திறந்தால் உள்ளே ஒரு கரப்பான் குடும்பம். கொண்டுவந்தவர், "பாட்டு நல்லாத்தான் கேக்குது, செய்திதான் கரகரங்குது" என்றார். கரப்பானுக்கும் செய்தி பிடிக்கவில்லை போல. துடைத்துக் கொடுத்தேன்.

மாலையில் தோற்றேன். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

இருட்டியதும் வழக்கம்போல டாங்கோ என் கடைக்கு முன்னால் சூயா அடுப்பை மூட்டினான். கம்பியில் குத்திய இறைச்சி வேக ஆரம்பித்தால் தெருவே பாயோடு வந்துவிடும். விசிறியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான்: "இதோ வருது, கதை வருது!" கூட்டம், "வரட்டும், கேப்போம்!" என்றது. கிஸோ சிலந்தியின் கதை. டாங்கோ ஸாரியாக்காரன். ஆகவே அவன் கதையில் கிஸோ என்றைக்குமே கானோக்காரன். நான் கானோவில் பிறந்தவன். ஸாரியாவில் கடை வைத்து மயிர் நரைத்துவிட்டது, இருந்தாலும் கானோக்காரன்தான்.

இன்றைய கிஸோ சந்தையில் தன் நிழலையே வாடகைக்கு விடுகிறான். நிழலில் உட்காரக் காசு. உச்சிவேளை வந்ததும் நிழல் காணாமல் போகிறது. காசு கொடுத்தவர்கள் சண்டைக்கு வந்தால் கிஸோ சொல்கிறான்: "கத்தாதீங்க, தொழப் போயிருக்கு, வந்துடும்."

"கானோ வியாபாரம்னா அதுதான்!" என்று கோலாக்கொட்டை விற்கும் கம்போ தரையில் புரண்டான். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? கானோவுக்கும் ஸாரியாவுக்கும் கேலி உறவு. அவன் என்னை அடிமை என்பான், நான் அவனைக் கழுதை என்பேன். கோபம் வந்தவனுக்குத்தான் அவமானம்.

தூங்காமல் பதில் கதை யோசிக்கிறேன்.

பிப்ரவரி 19

ஜெயித்தேன்! ஸாரியாக் கிஸோ காட்டுக்கோழிக்குக் கண்ணி வைத்துவிட்டு அங்கேயே தூங்கிப்போகிறான். தாடி கண்ணியில் மாட்டிக்கொள்கிறது. விழித்ததும், "யாரது மாட்டினது? எதுவானாலும் பாதி எனக்கு!" என்று கத்திவிட்டு, பாதித் தாடியை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், "கோகி, குழம்பு வை" என்று பெண்டாட்டியிடம் கொடுக்கிறான்.

டாங்கோ தன் தாடியைத் தடவிப் பார்த்தான். அது போதும் எனக்கு.

மார்ச் 2

என் குல்லாவைக் காணோம். தேடினால் டாங்கோவின் ஆட்டின் தலையில் இருக்கிறது. "உன்னைவிட அதுக்கு எடுப்பா இருக்குடா" என்கிறான். பதிலுக்கு இரண்டு கம்பி சூயாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த வயதில்! மூச்சு வாங்கியது. நல்ல நாள்.

மார்ச் 9

டாங்கோவின் அண்ணன் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, கூடை நிறையக் கோலாக்கொட்டையோடு வீட்டுக்கு வந்தார். ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து, "என்ன, உங்க தம்பி கொட்டையைக் கொடுத்து என் வாயை அடைக்கப் பார்க்கிறானா?" என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

பெண் கேட்க வந்த கொட்டை அது. டாங்கோவின் மகன் லவாலுக்கு என் கடைக்குட்டி அஸாபேயைக் கேட்கிறார்கள்.

பெண்டாட்டி தெலு கதவுக்குப் பின்னால் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அவளுக்கு முன்னமே தெரியும். அஸாபேக்கும் தெரியும். ஆட்டுக்கும் தெரிந்திருக்கும். தெரியாதவன் நான் ஒருவன்தான்.

லவால் நல்ல பையன். தச்சு வேலை தெரியும், பெரியவர்களைக் கண்டால் செருப்பைக் கழற்றுவான். குறை சொல்ல ஒன்றுமில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது. டாங்கோ என் சம்பந்தி ஆகிவிடுவான்! சம்பந்தியைத் திட்ட முடியாது. பெண் கொடுத்தவன், எடுத்தவன் இருவரும் கண்ணைத் தாழ்த்தி, குந்தி உட்கார்ந்து, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா" என்று விசாரிக்க வேண்டும். வாயில் ஒரு கேலி வந்தால் ஊரே காறித் துப்பும்.

டாங்கோவிடம்? நான்? குந்தி உட்கார்ந்தா?

மார்ச் 10

தெலு பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

"பையன் குடிகாரனா?"

"இல்ல."

"சோம்பேறியா?"

"இல்ல."

"அப்ப என்னங்க? ஒரு சிலந்திக்காக என் பொண்ணை வீட்ல உக்கார வைக்கப் போறீங்களா?"

சிலந்திக்காக இல்லை என்றேன். "பின்னே எதுக்கு?" என்றாள். பொழுது சாய்ந்ததும் அந்தத் தடியன் வந்து என்னைத் திட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது — இதைப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா?

மார்ச் 12

டாங்கோவே பின்வாசல் வழியாக வந்தான். முகம் வெந்துபோன மாதிரி இருந்தது.

"டேய் கானோ அடிமை, முடியாதுன்னு சொல்லித் தொலையேன்."

"நான் எதுக்குடா சொல்லணும்? கொட்டையை அனுப்பினவன் நீ. திருப்பிக் கேளு."

"நான் கேட்டா என் மகன் என் மூஞ்சில முழிக்க மாட்டான்."

"நான் சொன்னா என் மக என்னை மன்னிக்க மாட்டா."

"கோழை."

"நீதான் கோழை. ஸாரியாவே கோழை."

ஆக அவனுக்கும் இதே கவலை. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். வெளியே காட்டவில்லை. கூடையிலிருந்து ஆளுக்கு ஒரு கொட்டையை எடுத்து மென்றோம். கசப்பாக இருந்தது, எப்போதும்போல.

மார்ச் 15

அஸாபே ஒன்றும் கேட்கவில்லை. தன் கல்யாணத்தைப் பற்றி எந்தப் பெண் வாய் திறப்பாள்? களியைக் கொண்டுவந்து வைத்தாள். வாயில் போட்டால் உப்புக் கரித்தது. நேற்று உப்பே இல்லை. கண் வீங்கியிருக்கிறது. கேட்டால் அடுப்புப் புகையாம்.

சீ, என்ன மனுஷன் நான். எனக்குப் பொழுது போகணும்னு பெத்த பொண்ண அழ வைக்கிறேன்! கிஸோகூட இதைச் செய்ய மாட்டான். செய்வான். ஆனால் கதையில் செய்வான்.

சம்மதம் என்று சொல்லியனுப்பிவிட்டேன். அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அதற்குப் பிறகு பாட்டுச் சத்தம்.

ஏப்ரல் 26

கல்யாணம் நன்றாக முடிந்தது. நான்தான் கெடுக்கப் பார்த்தேன்.

டாங்கோ ஒரு தலைப்பாகை கட்டி வந்தான், இரண்டு ஆள் தூக்கும் அளவுக்கு. பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொள்ள எவ்வளவோ பார்த்தேன். "துணி சொந்தம்தான், தலைதான் இரவல் வாங்கிட்டு வந்திருக்கான்" என்று வந்துவிட்டது. தெலு பெண்கள் பக்கத்திலிருந்து என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

டாங்கோ மெதுவாகக் குனிந்து, "சம்பந்தி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

இத்தனை வருடத்தில் அவன் எனக்குக் கொடுத்த அடியிலேயே பெரிய அடி அதுதான்.

மே 3

காலையில் கடை திறக்கும்போது டாங்கோ எதிரில் வந்தான். நான் குந்தினேன். அவனும் குந்தினான். அவன் என்னைவிடக் கீழே போய்விட்டான் என்று நான் இன்னும் தாழ்ந்தேன். அவனும் தாழ்ந்தான்.

"உடம்பு சௌக்கியமா?"

"சௌக்கியம். அசதி எப்படி?"

"அசதி இல்ல. வெயில் எப்படி?"

"வெயில் நல்லா இருக்கு. கடை எப்படி?"

கடை அவன் மூக்குக்கு நேரேதான் இருக்கிறது! கம்போ நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் எதைத் தேடுறீங்க? நானும் தேடட்டா?" என்றான். எழுந்திருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது.

மே 6

கூட்டம் விடவில்லை, கதை சொல்லு என்று ஒரே நச்சரிப்பு. கிஸோ எந்த ஊர்க்காரன்? ஸாரியா என்றால் சம்பந்தியைச் சொன்னதாகும். கானோ என்றால் என் வாயாலேயே நான் தோற்றதாகும். கடைசியில், "ஒரு ஊர்ல கிஸோன்னு ஒரு சிலந்தி. எந்த ஊர்னு தெரியல. நல்லவன். வேலைக்குப் போனான். திரும்பி வந்தான்" என்று முடித்தேன்.

அடுத்து டாங்கோ. அவன் கிஸோ பெண்டாட்டி கோகிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான் கதை.

"இதுக்கு நான் வீட்லயே படுத்திருப்பேனே" என்று கம்போ பாயைச் சுருட்டினான். அவன் பின்னாலேயே எல்லோரும் போய்விட்டார்கள். டாங்கோ எனக்கு ஒரு கம்பி சூயாவை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினான். முன்பெல்லாம் மூஞ்சியைப் பார்த்து எறிவான், நான் பிடிப்பேன்.

ஜூன் 21

நோன்பும் பெருநாளும் முடிந்தன. ஸாரியாவில் ஸாரியாக்காரர்களுக்கா பஞ்சம் என்று முடிவெட்டுபவனிடம் போய் உட்கார்ந்து, "என்னடா கழுதை" என்று ஆரம்பித்தேன். அவனும் சளைக்கவில்லை, "சொல்லுடா கானோத் திருடா" என்றான். சரியாகத்தான் சொன்னான். ஒரு சுகமும் இல்லை. யாரோ தெரியாத ஆள் நம்மை வழியில் நிறுத்தி மணி கேட்ட மாதிரி இருந்தது.

முடியையும் கோணலாக வெட்டிவிட்டான்.

செப்டம்பர் 11

மழை. டாங்கோவின் அடுப்பு என் கடைக்குள் வந்திருக்கிறது. பொழுது முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றி மரியாதையாகப் பேசினோம். எனக்கு அவனைத் தேடுகிறது. என் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், எனக்கு அவனைத் தேடுகிறது.

டிசம்பர் 20

பாலைக்காற்று தொடங்கிவிட்டது. ரேடியோவெல்லாம் புழுதி. தெலு பஞ்சும் பழந்துணியும் சேர்த்து வைக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பிப்ரவரி 22

அஸாபேக்கு ஆண் குழந்தை! தாயும் பிள்ளையும் நலம். டாங்கோவும் நானும் எதிரெதிரே குந்தி வாழ்த்திக்கொண்டோம். இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. அப்போதும் "குளிர் எப்படி" என்றுதான் கேட்டான், பாவி.

ஏப்ரல் 4

எழுத்து கோணலாக வருகிறது. சிரித்துச் சிரித்து.

தலைப்பிள்ளையைப் பெற்றவர்களே நாலு பேர் முன்னால் கொஞ்சினால் எங்கள் ஊர்களில் வெட்கக்கேடு அல்லவா? அதனால் அஸாபே இன்று அந்திக்குக் குழந்தையைக் கொண்டுவந்து, யாரோ மறந்துவிட்டுப்போன மூட்டை மாதிரி என் கடைப் பாயில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெலுவோடு கடைக்குப் பின்னாலுள்ள வீட்டுக்குள் போய்விட்டாள். லவால் அந்த வழியாகப் போனான். பெற்ற பிள்ளை பக்கம் தலையைத் திருப்பாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து கம்போவின் கோலாக் கூடையில் இடித்துக்கொண்டான்.

டாங்கோ அடுப்பை விட்டு வந்து குழந்தையை மடியில் எடுத்தான். எடுத்த கையோடு அது அவன் அங்கியை நனைத்தது. அவன் நிதானமாகக் கீழே பார்த்தான். பிறகு குழந்தையிடம் சொன்னான்:

"பாதி கானோ ரத்தமில்ல? புத்தி எங்க போகும்? இனாமா எடம் கெடைச்சா அங்கேயே போயிடுவீங்களேடா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்போ கொட்டை பொறுக்குவதை நிறுத்தினான்.

"சம்பந்தி," என்றேன் மெதுவாக, "யாரைச் சொல்றீங்க?"

"நான் என் பேரன்கிட்டப் பேசுறேன், சம்பந்தி. தாத்தா பேரனைக் கேலி பண்ணக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா?"

இல்லை. எந்த ஊரிலும் இல்லை. தாத்தாவும் பேரனும் எதை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்! இத்தனை மாதம் இது என் மண்டையில் ஏன் ஏறவில்லை?

"கொஞ்சம் இப்படிக் குடுங்க சம்பந்தி" என்று குழந்தையை வாங்கிக்கொண்டேன். அதன் கண்ணைப் பார்த்து, "டேய் ஸாரியாக் கழுதைக்குட்டி," என்றேன், "உன் மூஞ்சியைப் பாரு, வேகாத சூயா மாதிரி. பாவம், நீ என்ன செய்வே? உன் பரம்பரையில எவன்டா எதை ஒழுங்கா வேக வச்சான்?"

"ஐயையோ!" என்று கம்போ தொடையில் தட்டிக்கொண்டு, பாயை எடுத்துவர வீட்டுக்கு ஓடினான். போகிற வழியெல்லாம் கத்திக்கொண்டே போயிருக்கிறான். அடுப்பில் இறைச்சி கருகியது. தெரு நிறைந்துவிட்டது. டாங்கோ குழந்தையைப் பிடுங்கினான், நான் பிடுங்கினேன். பிறகு அவன் கதை ஆரம்பித்தான். குழந்தைக்குத்தான் சொன்னான், ஒவ்வொரு வரியும் அதற்குத்தான். கானோக் கிஸோ ஒட்டகத்திடம் போய், "உன் முதுகு கோணலாயிருக்கு, நிமிர்த்தித் தரேன், முன்பணம் குடு" என்று கேட்கிறான். கதை நல்ல உச்சத்துக்கு வரும்போது பார்த்தால் குழந்தை தூங்கிவிட்டது.

டாங்கோ வாயைத் திறந்தபடி நின்றான். கேட்பதற்குப் பேரன் இல்லாவிட்டால் எதிரில் இருப்பது சம்பந்தியாயிற்றே. உள்ளே கதவிடுக்கில் அஸாபே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. நாலு பேர் முன்னால் தலைப்பிள்ளைக்காக வாய் திறக்க அவளுக்கு வழியில்லை.

"சம்பந்தி," என்றான் டாங்கோ, மிகவும் பணிவாக, "கொஞ்சம் எழுப்புறீங்களா? உங்களை இன்னும் திட்டி முடிக்கல."

எழுப்பினேன்.