ஒரு நிமிஷத்தில் ஆக்னஸ்

4 ஜூன் 2006, ஞாயிறு

அமீர்பேட்டை வகுப்பு. சாஃப்ட்வேர் டெஸ்டிங் பாடம் முடிந்துவிட்டது. இனி வேலை தேடும் படலம். எந்த இன்டர்வியூவும் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றுதான் ஆரம்பிக்குமாம். அதற்கு ஒரு நிமிஷ பதில் வேண்டும் என்றார் சார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்தேன். “என் பெயர் ஆக்னஸ். அப்பா தேவசகாயம், ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மெட்டுகுடா குவார்ட்டர்ஸ், நூற்றுப் பன்னிரண்டு பி...” வகுப்பே சிரித்தது. எங்கள் காலனியில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வோம்.

“வேலை உனக்கா, உங்க அப்பாவுக்கா?” என்றார் சார். நானும் சிரித்துவிட்டேன்.

7 ஜூன், புதன்

பட்டான்செரு மருந்து ஆலையில் மாத்திரைகளைச் சோதித்துக்கொண்டே அந்த ஒரு நிமிஷத்தை மனசுக்குள் எழுதினேன். அப்பாவை வெட்டினேன். குவார்ட்டர்ஸை வெட்டினேன். இந்த ஆய்வுக்கூடத்தின் நான்கு வருஷங்களைச் சேர்த்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது! கூட வேலை பார்க்கும் வசந்தகுமாரி ஷேர் ஆட்டோவில் மொபைலை வைத்து நேரம் பார்த்தாள்.

“ஹவ், நல்லா இருக்கு. ஆனா எழுபத்திநாலு செகண்ட். கைக்கு இவ்ளோ இழுக்கறே?” அவளுக்கு ‘ஆமாம்’ என்றால் ‘ஹவ்’, ‘ஏன்’ என்றால் ‘கைக்கு’.

11 ஜூன், ஞாயிறு

சார் தாளை வாங்கி, பட்டான்செரு என்று வந்த இடமெல்லாம் கோடு போட்டார். “மாத்திரைக் கம்பெனின்னா வாசல்லயே நிறுத்திடுவாங்க. ஃப்ரெஷர்னு சொன்னா இருபத்தேழு வயசுல யார் கூப்பிடுவா? ரெண்டு வருஷம் டெஸ்டிங் பார்த்தேன்னு சொல்லு. கம்பெனி பேரு, லெட்டர் எல்லாம் நான் தர்றேன்.”

வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நான்கு வருஷ நிஜம் போய் இரண்டு வருஷப் பொய் வந்தது. சொல்லிப் பார்த்தால் சரியாக ஐம்பத்தெட்டு நொடி. அதில் ஒரு சந்தோஷம் வந்ததே, அதை என்னவென்று சொல்ல?

13 ஜூன்

குளியலறையில் ஒத்திகை. அம்மா கதவைத் தட்டி, “உள்ளே யாருகிட்டடி பேசறே?” என்றாள்.

22 ஜூன், வியாழன்

கூப்பிட்டுவிட்டார்கள்! சனிக்கிழமை இன்டர்வியூ, மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அக்டோபரில் அப்பா ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் இந்த வேலை கிடைத்துவிட்டால் — கிடைக்கும். கிடைக்கணும்.

24 ஜூன், சனி

அய்யோ, என்ன பண்ணிட்டு வந்திருக்கேன் நான்.

நஸ்ரின் என்று ஒரு மேடம், பக்கத்தில் ஒரு சார். ஐம்பத்தெட்டு நொடியும் தண்ணி பட்ட பாடாக வந்தது. மேடம் தலையாட்டினார். அடுத்து, “நீங்கள் கண்டுபிடித்த தவறுகளில் மறக்க முடியாதது எது?” என்று கேட்டார். இல்லாத கம்பெனியில் நான் எந்தத் தவறைக் கண்டேன்? வாய் தானாகத் திறந்துகொண்டது.

காய்ச்சல் மாத்திரை. தண்ணீரில் கால் மணியில் உடைந்திருக்க வேண்டும். அரை மணியாகியும் கல்லாகக் கிடந்தது. லாரி வெளியே நிற்கிறது. “கையெழுத்துப் போடும்மா, யாருக்குத் தெரியப்போகுது” என்கிறார் சூப்பர்வைசர் கிருஷ்ணமூர்த்தி. நான் போடவில்லை. மூன்று நாள் ஒருவரும் என்னிடம் பேசவில்லை. கையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

மேடம் என் ரெஸ்யூமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சாஃப்ட்வேர் கம்பெனியில் மாத்திரை எங்கிருந்து வந்தது?”

மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஃபைலை மூடிவிட்டுத் தமிழில், ஆம்பூர்ப் பக்கத்துப் பேச்சில் சொன்னார்: “பொய் எழுதின ரெஸ்யூமை நான் மேல அனுப்ப முடியாதும்மா.”

எல்லாம் போச்சு. ஒழுங்கா ஒப்பிச்சவ, அதோட நிறுத்தியிருக்கக் கூடாதா?

ஆனா ஒண்ணு. மாத்திரையைப் பத்திச் சொல்றப்போ ரெண்டு பேரும் பேனாவைக் கீழே வெச்சுட்டாங்க. நான் பார்த்தேன்.

26 ஜூன், திங்கள்

பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து ரெஸ்யூமைப் புதிதாக அடித்தேன். பட்டான்செரு, நான்கு வருஷம். டெஸ்டிங்கில் ஃப்ரெஷர். வயது இருபத்தேழு. நஸ்ரின் மேடத்துக்கே அனுப்பிவிட்டேன்! சாரிடம் சொன்னேன். “உனக்குப் பைத்தியம்” என்றார்.

6 ஜூலை, வியாழன்

மதியம் ஆய்வுக்கூடத்துக்கே போன். நஸ்ரின் மேடம். “ட்ரெய்னியாத்தான் எடுக்க முடியும். கூட இருக்கறவங்க எல்லாம் சின்னப் பசங்க. சம்பளம் இப்ப வாங்கறதை விடக் கம்மி. யோசிச்சு—”

அவர் முடிப்பதற்குள் “வர்றேன் மேடம்” என்றேன். வசந்தகுமாரி என்னைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். வீட்டில் அப்பா சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். பிறகு, “சரி, சின்ன வீடா பார்ப்போம்” என்றார்.

17 ஜூலை, திங்கள்

பயிற்சியின் முதல் நாள். இருபத்திரண்டு பேர், எல்லாரும் எனக்குத் தம்பி தங்கை வயசு. ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிஷம் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள். என் முறை வந்ததும் பட்டான்செருவில் ஆரம்பித்தேன். நான்கு நிமிஷம் கழித்து, “ஆக்னஸ், மத்தவங்களுக்கும் கொஞ்சம் நேரம் விடுங்க” என்றார் பயிற்சியாளர். இன்னும் பாதிகூடச் சொல்லியிருக்கவில்லை.